முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் நான் சொன்ன வா

குமரா,

நீ அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. அதில் நான் இருக்கிற லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய பெரிய கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேலே காதைச் சுற்றி என் முந்தானை, காலில் சாக்ஸ் போட்டு அதன்மேல் ரப்பர் செருப்பு. கம்பி வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறந்திருக்கிறேன். இவ்வளவு அகலமாகக் கெளுத்தி மீன்கூட வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. போட்டோவின் பின்பக்கம் உன் கோழிக்கிறுக்கலில், "அம்மா பிரெஞ்சில் கத்தியபோது" என்று எழுதியிருக்கிறாய். கோவில்பத்தில் நான் மீன் கொண்டுபோகிற நாலு தெருவிலும் அதைக் காட்டியாகிவிட்டது. டீச்சரம்மா கையில் எடுத்த சங்கரா மீனை அப்படியே பாத்திரத்தில் போட்டுவிட்டு, "உனக்கு பிரெஞ்சு தெரியும்னு சொல்லவே இல்லையே" என்றார். நீங்கள் மீன் விலையைத் தவிர வேறு என்ன கேட்டீர்கள் என்றேன்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பின்பக்க எழுத்தால்தான். மூன்று வாரமாக நீ ஃபோனில் கேட்கிற கேள்விக்கு நான் பிடி கொடுக்காமல் பேசுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். உன் முதலாளி லியோன் என்கிற ஊரில் இன்னொரு ஓட்டல் திறக்கிறார், அதற்கு உன்னைத் தலைமைச் சமையல்காரனாகப் போடுகிறார், ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார். நமக்குள் இருந்த பேச்சோ, அடுத்த பொங்கலுக்கு நீ ஊரோடு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ் போடுவது. இரண்டில் எது என்று நீ கேட்கும்போதெல்லாம் அடுப்பில் குழம்பு தீய்கிறது, உங்கப்பா வந்துவிட்டார் என்று எதையாவது சொல்லி வைத்துவிட்டேன். உங்கப்பா நடுக்கடலில் இருக்கும்போதே இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நீ விடவில்லை. "அன்னைக்கு ரோட்ல நின்னு சொன்னியே, அந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லும்மா. அது போதும் எனக்கு" என்றாய். ரோட்டில் நின்று நான் சொன்னது என்ன என்று உனக்குத் தெரியாது, குமரா. அதை முதலிலிருந்து சொல்கிறேன். நீளமாகத்தான் போகும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியவனுக்கு நாலு தாள் படிக்கக் கால் வலிக்காது.

முதன்முதலில் நீ மாரத்தான் என்று சொன்னபோது நான் அதை யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஓட்டம் என்றாய், தூரத்தைச் சொன்னாய். நம் வீட்டிலிருந்து நாகப்பட்டினம் போய், திரும்பி வாசலுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதே என்று வரிச்சிக்குடிப் பக்கம் திரும்புகிற தூரம். யார் துரத்துகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாய். முதலில் வருவாயா என்றேன். ஆயிரக்கணக்கான பேருக்குப் பின்னால் வருவேன் என்றாய். அப்படியானால் எதற்கு என்றேன். நீ சிரித்தாய். எனக்கு அது பெரிய விஷயமாகப் போய்விட்டது. ஓடுவது உன் பிழைப்பு இல்லை, நீ வெங்காயம் நறுக்குகிறவன். ஒரு மாதம் முழுக்க மீன் விற்ற வீட்டிலெல்லாம் இதையே பேசினேன். உங்கப்பாவிடம் சொன்னதும் இவ்வளவு தூரத்துக்குப் படகுக்கு எத்தனை லிட்டர் டீசல் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார், முகத்திலேயே தெரிந்தது. பிறகு, நடுவில் சோறு போடுவார்களா என்று மட்டும் கேட்டார். டீச்சரம்மா, ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தே ஒருத்தன் ஓடுவானா என்றார். எல்லாரும் வாங்குவார்கள் என்று தெரிந்தா நான் தெருவில் கூவுகிறேன் என்று உனக்காகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். அடுத்த தடவை ஃபோனில் குடைந்து குடைந்து கேட்டபோதுதான் நீ வாயைத் திறந்தாய். "ரூம்ல நாலு பேரும்மா, கிச்சன்ல ஒம்பது பேரு. ஓடும்போதுதான் நான் ஒருத்தனா இருக்கேன்" என்றாய். மறுநாள் மீனோடு அந்த வார்த்தையையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மீன் விற்றுவிட்டது. அது இறங்கவில்லை.

நீ எனக்கு டிக்கெட் அனுப்பி, வந்து பார் என்று கூப்பிட்டபோது உங்கப்பா போ என்றார், நான் தயங்கினேன். குளிர், விமானம் என்று என்னவோ காரணம் சொன்னேன். நிஜமான காரணம் உன் எட்டாம் வகுப்பு விளையாட்டு விழா. உனக்கு அது மறந்திருக்காது. வியாபாரம் முடிந்த கையோடு காலிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். நீ ஓடிக்கொண்டிருந்தாய், மூன்றாவதாகவோ நாலாவதாகவோ. எனக்கு மெதுவாகக் கூப்பிடத் தெரியாது. மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை இது, அதை வைத்துத்தான் சாப்பிட்டோம். மீன் கூவுகிற அதே ராகத்தில், "ஓடுறா குமரா ஓடேய்" என்று இழுத்தேன். மைதானம் மொத்தமும் சிரித்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் பையன்கள் "மீனேய்" என்று இழுத்தார்கள் என்று பிற்பாடு உன் சிநேகிதன் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ அன்று வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை, அழவில்லை. "இனிமே என் ஸ்கூல் பக்கம் வந்தா கத்தாதேம்மா" என்றாய், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் விளையாட்டாக ஆக்குகிற புத்திதானே எனக்கு. மறுநாள் வேண்டுமென்றே உன் வகுப்பு ஜன்னலுக்கு நேராக நின்று ஒரு மடங்கு கூட்டிக் கூவினேன். நீ எட்டிப் பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாய். அன்றோடு அந்தத் தெரு வியாபாரத்தையே விட்டேன். ஏன் விட்டேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அது நான் செய்த தப்பு. உனக்கு வலித்த இடத்தில் நான் கிச்சுகிச்சு மூட்டினேன்.

அதனால், அங்கே வந்து வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். வந்து இறங்கியதும் அந்த முடிவு பாதி போய்விட்டது, பார்க்கிறதெல்லாம் கேள்வியாக இருந்தால் நான் என்ன செய்ய. ஓடுவதற்கு டாக்டரிடம் போய் உடம்பு தேவலை என்று கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்றாய். நான் முப்பது வருஷமாகத் தலையில் மீனோடு ஓடுகிறேன், எந்த டாக்டரும் என்னைக் கூப்பிடவில்லை. முதல் நாள் சாயங்காலம் சோற்றை விட்டுவிட்டு பாஸ்தா என்கிற அந்த மாவு வடத்தை ஒரு சட்டி தின்றாய். காலையில் நெஞ்சில் இரண்டு இடத்தில் வாஸலின் தடவினாய். அது எதற்கு என்று நான் கேட்க, சட்டை உரசி ரத்தம் வரும் என்று நீ சொல்ல, நான் சிரித்ததில் உன் ரூமில் தூங்கிக்கொண்டிருந்த சார்லஸ் எழுந்துவிட்டான். ஓட்டம் கிளம்புகிற இடத்தில் இன்னும் வேடிக்கை. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், என்னைவிட வயசானவர்கள், எல்லாரும் குளிருக்குக் குப்பை போடுகிற பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசையாகக் கட்டி வைத்த மூட்டைகளுக்குக் கண்ணும் மூக்கும் முளைத்த மாதிரி இருந்தது. கிளம்பும்போது போட்டிருந்த ஸ்வெட்டரையெல்லாம் கழற்றி வீசினார்கள். நல்ல ஸ்வெட்டர், குமரா. இரண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று சார்லஸிடம் கேட்டேன், நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தும் அவன் வெட்கப்பட்டுக்கொண்டு என்னை மெட்ரோவுக்கு இழுத்துப்போனான்.

அவன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில். காடு என்றான். மரமெல்லாம் வரிசையில் நிற்கிற காடு அது. தரை முழுக்க ஆரஞ்சுத் தோல், ஓடுகிறவர்கள் சப்பிவிட்டுப் போட்டது. வழியில் சர்க்கரைக் கட்டியும் உலர்ந்த திராட்சையும் கொடுக்கிறார்கள் என்றான் சார்லஸ். உங்கப்பா கேட்ட சோற்றுக்கு அதுதான் பதில். வேலி ஓரமெல்லாம் ஜனம். ஓடுகிறவர்களின் நெஞ்சில் குத்தியிருக்கிற காகிதத்தில் பெயர் இருக்கிறது, அதைப் படித்துப் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். யாரென்றே தெரியாது, சொந்தத் தம்பி மாதிரி கத்துகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் "அல்லே, அல்லே" என்றார்கள். இவ்வளவு தூரம் ஓடி வந்தவனைப் பார்த்து அல்ல, அல்ல என்கிறார்களே, வழி தப்பி வந்துவிட்டார்களா என்று எனக்கு ஒரே குழப்பம். சார்லஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அல்லேன்னா போ, போன்னு அர்த்தம் ஆன்ட்டி. நீங்களும் குமரன் வரும்போது அப்படிக் கத்துங்க" என்றான். என்னால் முடியாது என்றேன். கடலுக்குப் போகிற வீடு நம்முடையது. உங்கப்பா படகேறிய இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நான் அவரைப் போ என்று சொல்லியிருப்பேனா? சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற நாளிலும் போயிட்டு வாங்க என்றுதானே சொல்கிறேன். பெற்ற பிள்ளையை நடுரோட்டில் நிற்கவைத்துப் போ, போ என்று எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நிற்கப்போகிறேன் என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது நீ வந்தாய்.

மீன் வாங்கும்போது நான் செவுளைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைத்தான் பார்ப்பேன். உன் கண் உள்ளே போயிருந்தது. முகமெல்லாம் உப்புப் பூத்து, வெயிலில் போட்ட கருவாடு மாதிரி வெளுத்திருந்தது. இடது காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாய். ஓட்டம் இல்லை அது, நடையும் இல்லை. நீ வேலியைப் பார்த்தாய். எங்கேயாவது பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. எனக்கு எட்டாம் வகுப்பும் மறந்தது, முந்தானையும் விலகியது. வயிற்றுக்குள்ளிருந்து கத்தினேன். "வாடா. போதும், வா. வா குமரா, வா."

ஆமாம், குமரா. வா என்றால் வாதான். வேலியைத் தாண்டி என்னிடம் வா, ஓடினது போதும், கீழே உட்கார் என்றுதான் கூப்பிட்டேன். வேறு எந்த அர்த்தமும் என் மனசில் இல்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், அந்த ரோட்டிலிருந்து மட்டும் கூப்பிடவில்லை. நாலு பேர் படுக்கிற அந்த ரூமிலிருந்து, அந்தக் குளிரிலிருந்து, மொத்தமாக வா என்று கூப்பிட்டேன். பிளேனில் என் பக்கத்துச் சீட்டில் உன்னைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் போல இருந்தது.

என் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக்கார அம்மா நின்றிருந்தார். அதுவரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் கத்தியதும் முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார். பிறகு உன் நெஞ்சுக் காகிதத்தைப் படித்துவிட்டு, "வா, கூமரான், வா" என்று அவரும் கத்தினார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அந்த வரிசையே. எத்தனையோ வெள்ளைக்காரர்கள் என் பிள்ளையைத் தமிழில் வா, வா என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு என் குரல் கேட்டுவிட்டது, திரும்பினாய், என்னைப் பார்த்தாய். வந்துவிடுவாய் என்று நான் கையை நீட்டினேன். நீ சிரித்தாய். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிமிர்ந்து ஓடினாய். காலைச் சாய்க்காமல் ஓடினாய். மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் நான் கையை நீட்டிக்கொண்டேதான் நின்றேன். அதுவரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் என் காதருகே வந்து, "சூப்பர் ஆன்ட்டி. எப்பக் கத்துக்கிட்டீங்க? வான்னா இவங்க பாஷையில போன்னுதானே அர்த்தம்" என்றான்.

ஓட்டம் முடிந்து நீ மெடலோடு வந்தாய். மெட்ரோப் படியில் முன்பக்கமாக இறங்க முடியாமல், திரும்பி நின்று பின்பக்கமாக நண்டு மாதிரி இறங்கினாய். நானும் சார்லஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை, "விட்டுடலாம்னு வேலியைப் பார்த்தேன். நீ பிரெஞ்சுல கத்தினே. அதான் ஓடினேன்" என்றாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த உப்பையும் சிரிப்பையும் பார்த்தேன். "பின்னே, உங்கம்மான்னா சும்மாவா" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். மறுநாள் உன் ஓட்டல் கிச்சனுக்கு என்னைக் கூட்டிப்போய் ஒன்பது பேரிடமும் அந்தக் கதையைச் சொன்னாய், அவர்கள் கை தட்டினார்கள், நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஊருக்கு வந்து போட்டோவைக் காட்டி அதே பொய்யை நாலு தெருவுக்கும் பங்கு வைத்துவிட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்படிக் கேட்ட பிறகு உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. பிள்ளையை ஏமாற்றிவிட்டேன், அவன் இப்போது அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு நிற்கிறான் என்றேன். ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, "அவன் கேட்டுக்கிட்டது சரியாத்தான் இருக்கு. நீ சொன்னதுதான் தப்பு" என்றார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மீதி வலையை நானும் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதை நீ சரியாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலிக்கு வந்திருப்பாய், ஆரஞ்சுத் தோல் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், நான் உன் காலைப் பிடித்துவிட்டிருப்பேன். அரைமணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அப்புறம் அந்தச் சிவப்புத் தொப்பி அம்மா வேறு யாருடைய பிள்ளைக்கோ கத்துவதை நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கப்புறம் நீ என் முகத்தை எப்படிப் பார்த்திருப்பாய் என்று யோசித்தால் எனக்கு அந்தச் சாத்திய ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ள ஆசை. என்னைத் தாண்டிப் போன அந்த ஏழு கிலோமீட்டரில் நீ என்ன நினைத்துக்கொண்டு ஓடினாய்? மெடலைப் பற்றிச் சொன்னாய், கால் வலியைப் பற்றிச் சொன்னாய், அதை மட்டும் சொல்லவே இல்லை. அப்போதும் ஒருத்தனாகத்தான் இருந்தாயா, இல்லை, கூட யாராவது வந்தார்களா? அதை எழுது. மற்றதை நான் டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ நம்பிக்கொண்டிருந்த வார்த்தை நீ நினைத்த வார்த்தை இல்லை என்பது இப்போது உனக்குத் தெரியும். கோபம் வந்தால் வரட்டும், ஒரு வாரம் ஃபோன் பண்ணாதே, எட்டாவது நாள் பண்ணு. நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உன் மெஸ்ஸுக்கு முதல் கூடை மீன் நான்தான் போட்டிருப்பேன், விலையில் உன்னை ஏமாற்றவும் செய்திருப்பேன். ஆனால் மெஸ் என்று நீ பேசும்போது உன் குரல் வேலியைத் தேடுகிற குரலாக இருக்கிறது. லியோன் அடுப்பைப் பற்றிப் பேசும்போது மூச்சு விடாமல் பேசுகிறாய். முப்பது வருஷமாகத் தெருவில் குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்த வித்தியாசம் கேட்காமல் போகுமா? மூன்று வாரமாக ஃபோனை வைத்துவிட்டு ஓடியது அது கேட்டதால்தான்.

ஐந்து வருஷம் என் தொண்டை தாங்கும். அப்போது கடற்கரையில் நின்று தமிழில் கூப்பிடுகிறேன், வந்து சேர். இன்றைக்குப் போ என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் எனக்குச் சொல்ல வருகிற வார்த்தையையே சொல்கிறேன். வா, குமரா. வா. அந்தச் சிவப்புத் தொப்பி அம்மாவின் காதில் அன்றைக்கு அது எப்படி விழுந்ததோ, அப்படியே கேட்டுக்கொள்.

அம்மா